நிர்மலாவின் முதுகுக்கு ஒரு நல்ல கை

முருகன் துணை. (இந்த ஊரில் அவர் கடமையில் இருக்கிறாரோ தெரியாது, வழக்கத்தை விடக்கூடாது என்பதால் எழுதியிருக்கிறேன்.)

குட்மேய்ஸ், லண்டன்
19.11.1992

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

நானும் மகளும் மருமகனும் இங்கு சுகம் என்றும், வெள்ளவத்தையில் உமது தங்கை கலாவதி வீட்டில் நீரும் அவ்வண்ணமே இருக்க இறைவனை வேண்டுவதாகவும் எழுதித் தொடங்குவதுதான் முறை. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து, ஊரில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தவன் முறை தவறக்கூடாது. ஆகையால் எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். இங்கு ஒருவரும் சுகமில்லை. ஆனால் மகளின் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீர் எந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள், நடுவில் ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லைக் கண்டுவிட்டு அழுது ஊரையே கூட்டிவிடுவீர்.

உமது போன கடிதத்தில் விசா ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டிருந்தீர். கிளாலிக் கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் வந்து, கொழும்பில் ஒன்றரை மாதம் காத்திருந்து, கடைசியில் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் கேட்க உரிமை உண்டு. ‘அந்த வெள்ளைக்காரன் மகளைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. எண்ணெய் தேய்க்கிறதைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டவன். எத்தினை வருசமாச் செய்யிறாய், ஆர் ஆருக்குச் செய்தனி எண்டு. நான் எல்லாம் ஒளிக்காமல் சொன்னனான்’ என்று எழுதியிருந்தீர். நான் யோசித்துப் பார்த்ததில் விஷயம் இதுதான். அந்த அலுவலர் ஒரு விசரன், முழுப் பைத்தியம். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைவிடப் பெரிய விசரன். மறுப்புக் கடிதத்தில் ‘வேலை செய்யும் நோக்கம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், உமது கோப்பை வேறு யாருடைய கோப்போடோ மாற்றிவிட்டார்கள் என்பது தெளிவு. மருமகன் சிவானந்தன் வேலைத்தலக் கடிதத்தை மடித்துக் கசக்கி அனுப்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம். நீரும் சும்மா இருந்தீரா? ‘பதினைஞ்சு வருசமாச் செய்யிறன், ஒருத்தரும் குறை சொன்னதில்லை’ என்று பெருமையடித்தீராம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று உமக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில் மட்டும் ஒரு பிழையும் இருக்க முடியாது. அதை நானே ஆங்கிலத்தில் எழுதினேன்.

சரி, போனது போகட்டும். நிர்மலாவின் கதைக்கு வருகிறேன். போன வருடம் ஐந்தாம் மாதத்தில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை, நீர் அங்கிருந்து அழுததை நான் இங்கிருந்து அறிவேன். இந்த முறை ஏழாம் மாதம் வரை வந்துவிட்டாள். ஆனால் இடுப்பில் தொடங்கி முதுகு முழுக்க உளைவு. இருந்தால் எழும்ப ஏலாது, எழும்பினால் இருக்க ஏலாது. மாத்திரை போடவும் பயம், போன முறை போட்டதால்தானோ என்று ஒரு எண்ணம். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “அம்மா இருந்தா இதை ஒரு மணித்தியாலத்திலை உருவி எடுத்துவிடுவா அப்பா” என்றாள். அப்போது உமக்கு விசா மறுத்து இரண்டு கிழமை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அம்மா வருமட்டும் நல்ல கை ஒண்டை நான் தேடித் தாறன் பிள்ளை, நீ யோசிக்காதை” என்று சொல்லிவிட்டேன்.

முதலில் கிளினிக்குக்குப் போனோம். அங்கே ஒரு தாளைக் கையில் தந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பூனையைப்போல நாலு காலில் நின்று முதுகை வளைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எங்கள் பிள்ளையும் நின்று பார்த்தாள், சிரிப்பு மட்டும் வரவில்லை. முதுகைப் பார்க்கிற ஆளுக்குப் பெயர் பதிந்திருக்கிறோம், முறை வரும்போது தபாலில் அறிவிப்போம் என்றார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருடம் அந்தத் தபால் வரும் என்று நினைக்கிறேன்.

பிறகு இல்ஃபோர்டில் பேப்பர் விற்கிற கடையொன்றின் கண்ணாடியில் அட்டைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். பழைய சோபா விற்பனைக்கு, பூனையைக் காணவில்லை, அறை வாடகைக்கு. அவற்றின் நடுவே, ‘மசாஜ். பழகிய கைகள். களைப்பெல்லாம் தீரும்’ என்று ஒரு அட்டை, கீழே தொலைபேசி இலக்கம். மகளுக்குச் சொல்லாமல் ஒழுங்கு செய்து அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்து, தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய், சொல்ல வேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எடுத்தேன். ஒரு பெண் கதைத்தாள். ‘ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு நல்ல பலமான ஒரு பெண் வீட்டுக்கு வந்து மசாஜ் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் கதிரையில் இருந்து மேற்பார்வை செய்வேன்’ என்று இலக்கணப் பிழை ஒன்றுமில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். “உனக்கு என்ன வயது?” என்று கேட்டாள். அறுபத்து நான்கு என்றேன். “வெட்கமாக இல்லையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்து மருமகனிடம் முறையிட்டேன். இந்த நாட்டில் வயோதிபருக்கு மரியாதை இல்லை, ஒரு கர்ப்பிணிக்கு உதவி கேட்டால் வெட்கமில்லையா என்கிறார்கள் என்றேன். அவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு, “மாமா, நீங்கள் என்ன சொல்லிக் கேட்டனீங்கள்?” என்றார்.

“மசாஜ் எண்டுதான் கேட்டனான். வேறை என்ன சொல்லிக் கேக்கிறது?”

“இஞ்ச அந்தச் சொல்லுக்கு இன்னொரு கருத்தும் இருக்கு மாமா.”

“என்ன கருத்து? அகராதியிலை ஒரு கருத்துத்தானே கிடக்கு.”

“அகராதியிலை இராது. அந்த மாதிரி அட்டையளிலை இருக்கிறது… அது ஆம்பிளையள் போற இடம் மாமா.” அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அடுப்படியில் ஏதோ அலுவல் இருப்பதுபோல எழும்பிப் போனார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் ஏசியதால் அல்ல. காரணம் வேறு. அதை எழுத இங்கே இடம் காணாது.

மருமகனுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். டூட்டிங்கில் இருக்கிற தன் பெரியம்மா சிவனேஸ்வரியை வரச்சொன்னார். ‘பெரியம்மாவின்ரை கை நல்ல கை’ என்று அவர்கள் பகுதியில் எல்லோரும் சொல்வார்களாம். யார் சொன்னார்கள், எந்த முதுகு சொன்னது என்று நான் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. சொந்தக்காரர் என்றால் நாங்கள் நற்சாட்சிப் பத்திரம் கேட்கிறதில்லை, பிறத்தியார் என்றால்தான் பரம்பரையையே விசாரிப்போம். சிவனேஸ்வரி அம்மா வந்தார். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் ஒடியல் மா, ஜாம் போத்தல் ஒன்றில் நோ எண்ணெய். நோ என்றால் வலி என்று உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஆனால் அதைப் பிறகு ஒரு டாக்டருக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தது.

அந்த அம்மா நிர்மலாவைப் பார்த்த உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வயிறு ஒரு பக்கமாச் சாய்ஞ்சு கிடக்கு அண்ணை. அதுதான் முதுகை இழுக்குது. பிள்ளையை நடுவுக்கு எடுத்துவிட்டா எல்லாம் சரிவரும்.” முதுகுக்கு வந்தவர் ஏன் வயிற்றுக்குப் போகிறார் என்று எனக்கும் ஒரு கேள்வி வந்தது. ஆம்பிளை இதில் தலையிடக்கூடாது என்று நானே என் வாயைக் கட்டிக்கொண்டு அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மருமகன் வேலையில். நான் நடைபாதையில் நின்றேன். உள்ளே இருந்து கதை கேட்டது.

“நோ… நோ, மாமி.”

“ஓம் பிள்ளை, விளங்குது. இதிலைதான் நோ.”

“நோ! நோ!”

“கனக்கக் கிடக்குப் பிள்ளை. கொஞ்சம் பொறுத்துக்கொள், எடுத்துவிடுறன்.”

பாலாம்பிகை, வெளியே நின்ற நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? ஏழு வருடம் லண்டனில் இருந்தும் எங்கள் பிள்ளை ‘பெயின்’ என்று சொல்லவில்லை, நோவுக்கு ‘நோ’ என்றே சொல்கிறாள், நல்ல தமிழை விடவில்லை என்று நினைத்தேன். பெருமைப்பட்டேன். சத்தியமாகப் பெருமைப்பட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குள் பெருமை கூடிக்கொண்டு போனது, உள்ளே அமத்தலும் கூடிக்கொண்டு போனது. பிறகு “அப்பா!” என்று கத்தினாள். அந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் விரிப்பில் இரத்தம். பெரிதாக இல்லை, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு. போன வருடமும் இப்படித்தான் தொடங்கியது. அம்புலன்ஸ் வர எடுத்த நேரத்தை நான் எழுத மாட்டேன், எழுதவும் ஏலாது.

ஆஸ்பத்திரியில் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார், வேதவல்லி என்று பெயர். பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுவதுபோல ஓடியது. அதைக் கேட்ட பிறகுதான் நான் கதிரையில் இருந்தேன். டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து, “யாரு வயித்தை அமுக்கினது?” என்று கேட்டார்.

சிவனேஸ்வரி அம்மா ஒளிக்கவில்லை. “நான்தான். பிள்ளை நோ எண்டு சொன்னதாலைதான் அமத்தினனான்.”

“நோன்னு சொன்னா நிறுத்தணும் இல்லையாம்மா?”

“நோ இருக்கேக்கை எப்பிடி நிப்பாட்டுறது? நோ போகுமட்டும் உருவத்தானே வேணும்!”

டாக்டர் என்னைப் பார்த்தார். “இவங்க தமிழ்தானே பேசுறாங்க?” என்றார். எங்கள் ஊரில் நோ என்றால் வலி என்று விளங்கப்படுத்தினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “சரி, அப்ப வேண்டாம்னா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்றேன்.

கட்டிலில் கிடந்த நிர்மலா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “எத்தினை தரம் நோ எண்டு கத்தினனான் அப்பா. இங்கிலிஸ் நோ. நீங்களும் கதவுக்கு வெளியிலை நிண்டனீங்கள்தானே.”

ஊர்ச் சனத்துக்கெல்லாம் ஆங்கிலத்தில் மனு எழுதினவனுக்குத் தன் பிள்ளை கத்திய ஒரு ஆங்கிலச் சொல் காதில் விழவில்லை.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் வேதவல்லி என்னைத் தனியே கூப்பிட்டு, பாடம் எடுப்பதுபோல எடுத்தார். மசாஜ் கூடாது என்று இல்லையாம். ஆனால் வயிற்றில் யாரும் கை வைத்து அமுக்கக்கூடாது, பிள்ளையை இடம் மாற்ற நினைக்கவே கூடாது. மல்லாக்கப் படுக்க விடாமல் பக்கமாகச் சரித்துத் தலையணை கொடுக்க வேண்டும். கால் வீங்கிச் சிவந்திருந்தால் அதைத் தடவாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் போதும் என்றால் போதும். “உங்க ஊர்ல போதும்னா போதும்தானே?” என்று கேட்டார். அந்தக் குத்தலுக்கு நான் தகுதியானவன்தான்.

அவர் ஒழுங்கு செய்து போன செவ்வாய்க்கிழமை பியற்றிஸ் என்று ஒரு மருத்துவச்சி வீட்டுக்கு வந்தார், ஜமெய்க்காக்காரி, உம்முடைய வயது இருக்கும். இந்த முறை கதவைச் சாத்த வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். நான் வெளியே கதிரை போட்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு இருந்தேன். காது மட்டும் உள்ளே. அந்த மனுஷி வெந்நீரில் கையைச் சூடாக்கி, மூன்று தலையணை கேட்டு, பிள்ளையைப் பக்கமாகச் சரித்து, பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் அனுமதி கேட்கத் தொடங்கினார். இங்கே கை வைக்கலாமா? கொஞ்சம் அழுத்தலாமா? கூடிப்போனதா? எங்கள் கச்சேரியில் ஒரு காணி உறுதிப் பத்திரத்துக்குக்கூட இத்தனை முறை அனுமதி கேட்டதில்லை. முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு நிர்மலா மெல்ல “நோ” என்றாள். உடனே உள்ளே எல்லாம் நின்றது. கை எடுக்கப்பட்ட சத்தம்கூட எனக்குக் கேட்டதுபோல இருந்தது. அரை மணித்தியாலத்தில் பிள்ளை நித்திரையாகிவிட்டாள். ஒரு மாதத்தில் அவள் நோவில்லாமல் நித்திரை கொண்டது அன்றுதான்.

ஆனால் அந்த மனுஷி இனி ஒரேயொரு முறைதான் வருவார். அவருக்குப் பார்க்க வேண்டிய வயிறுகள் இன்னும் எத்தனையோ. போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, “இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே?” என்று என்னைக் கேட்டார். கொழும்பில் என்றேன். “ஏன் வரவில்லை?” என்று கேட்டார். ஒரு வசனம், பாலாம்பிகை. ஒரேயொரு ஆங்கில வசனம் எனக்கு வாயில் வரவில்லை. குளிர் காற்றுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாடுபோல நின்றேன்.

ஆகவே நான் யோசித்து எடுத்திருக்கிற முடிவு இதுதான். நீர் திரும்ப விண்ணப்பிக்க வேண்டாம். அந்த அலுவலரின் முகத்தில் இன்னொரு முறை முழிக்க வேண்டிய தேவை உமக்கு இல்லை. இது எங்களுக்குச் சரிவராத நாடு. வள்ளத்தில் ஊருக்குத் திரும்பவும் வேண்டாம், கலாவதி வீட்டிலேயே இரும். மாசி மாதம் பிள்ளை பிறந்ததும் படம் எடுத்து அனுப்புவோம். நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. பொறுப்பிருந்தால் அது மேலே நான் சொன்ன ஆட்களுடையது.

கலாவதிக்கும் அவளுடைய மாமியாருக்கும் என் அன்பைச் சொல்லும், மாமியாருக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். பேரப்பிள்ளை பெயரால் கதிரேசன் கோயிலில் ஒரு அருச்சனை செய்வியும். எல்லோரும் நீடூழி வாழ்க, விசாக் கந்தோர்காரர் உட்பட.

இப்படிக்கு,
உமது கணவன்
வ. செல்வரத்தினம்

பின்குறிப்பு: நீர் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள் என்பதால் இதைத்தான் முதலில் வாசித்துக்கொண்டிருப்பீர். நல்லது. மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். வாசித்தாலும், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்ற வரியைத் தவிர மற்றதை நம்ப வேண்டாம். அந்த அலுவலர் விசரன் இல்லை. மொழிபெயர்ப்பாளர் நீர் சொன்னதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மருமகன் கடிதத்தைக் கசக்கவில்லை. கோப்பு மாறவில்லை. நீர் ஒளிக்காமல் பதில் சொன்னதிலும் ஒரு பிழையும் இல்லை.

பிழை என்னுடையது. உமது விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில், வருகையின் நோக்கம் என்ற இடத்தில், “‘மகளைப் பார்க்க’ எண்டு மட்டும் எழுதினாக் காணும் மாமா, அது போதும்” என்று மருமகன் சொன்னார். அது சின்னப்பிள்ளை எழுதியதுபோல இருக்கும் என்று நான் சொன்னேன். ‘என் மனைவி மசாஜில் பதினைந்து வருட அனுபவமுள்ளவர். லண்டனில் அந்தச் சேவைக்கு அவர் அவசரமாகத் தேவைப்படுகிறார். அவருடைய கைக்கு நிகரானவர் இங்கே எவரும் இல்லை’ என்று எழுதினேன். மூன்று முறை திருத்தி எழுதினேன். கையெழுத்து வைத்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் என்ன எழுதினேன் என்பது அந்தத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்று தொடங்கி உமக்கு எழுத முயன்று, இன்றுதான் இந்தப் பின்குறிப்பு வரை வந்திருக்கிறேன்.

இதோடு புதிய விண்ணப்பம் ஒன்று வருகிறது. நிர்மலா படுத்தபடியே நிரப்பியது. நோக்கம் என்ற இடத்தில் ‘எனக்கு அம்மா வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். எழுத்துக் கொஞ்சம் சரிந்திருக்கிறது. நான் ஒன்றையும் திருத்தவில்லை. நாளைக்கே கொண்டுபோய்க் கொடும்.

இந்த முறையும் அவர்கள் மசாஜ் செய்யத் தெரியுமா என்று கேட்பார்கள். ‘நோ’ என்று சொல்லும். எங்கடை நோ இல்லை, பாலாம்பிகை. அவையின்ரை நோ.